வாள் ஜெயித்ததா, மண்மேடு ஜெயித்ததா? சாக்சன் – டேன் போர்க் கதைகள் பற்றி ஒரு இழை

#1 மண்வெட்டி

வணக்கம் நண்பர்களே. ஒரு வருடமாக ஒரு சரித்திர சாகசத் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சோழரும் இல்லை, பாண்டியரும் இல்லை. 9ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. அங்கே ஆண்ட சாக்சன்களும், கடல் தாண்டிப் படையெடுத்து வந்த டேன்கள் என்ற வைக்கிங்குகளும். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வீட்டில் கேட்டாயிற்று, நீங்கள் கேட்க வேண்டாம்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 865இல் ஒரு பெரும் டேனியப் படை கிழக்கு ஆங்கிலியாவில் இறங்குகிறது. உள்ளூர்க்காரர்கள் குதிரை கொடுத்துச் சமாதானம் பேசி அனுப்பிவைக்கிறார்கள். அந்தக் குதிரையில் ஏறி வடக்கே போய் யார்க் நகரத்தைப் பிடிக்கிறார்கள். 867இல் நார்தம்பிரியாவின் இரண்டு மன்னர்களும் ஒரே போரில் செத்தார்கள். 869இல் குதிரை கொடுத்த அதே கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்ட் கொல்லப்பட்டார். 874இல் மெர்சியாவின் பர்க்ரெட் நாட்டை விட்டு ரோமுக்கே போய்விட்டார். பத்து வருடத்துக்குள் நாலு ராஜ்யத்தில் மூன்று காலி. மிச்சம் வெசெக்ஸ். அங்கே மன்னர் ஆல்ஃப்ரெட்.

878 ஜனவரி. கிறிஸ்துமஸ் விருந்துகள் முடிந்த கையோடு டேனியத் தலைவன் குத்ரம் தன் படையோடு சிப்பன்ஹாம் அரண்மனையைப் பிடித்துக்கொள்கிறான். ஆல்ஃப்ரெட் ஒரு சிறு கூட்டத்தோடு சோமர்செட் சதுப்புக்குள் மறைகிறார். மே மாதம் வெளியே வந்து எடிங்டனில் அவனை முறியடிக்கிறார். இதுவரை எழுதி முடித்துவிட்டேன். படித்த நாலு பேரும் கைதட்டினார்கள்.

பிரச்சினை என்னவென்றால், எனக்கே திருப்தி இல்லை. ஆல்ஃப்ரெட் இதற்கு முன்பும் ஜெயித்திருக்கிறார். 871 ஜனவரி 8 அன்று ஆஷ்டவுனில் அண்ணனோடு சேர்ந்து பெரிய வெற்றி. சரியாகப் பதினான்காம் நாள் பேசிங்கில் தோல்வி. ஒரு போரில் ஜெயிப்பதால் அந்தக் காலத்தில் எதுவும் முடிந்துவிடவில்லை. அப்படியானால் எடிங்டன் வெற்றி மட்டும் ஏன் நிலைத்தது? 892இல் மறுபடியும் ஒரு பெரும்படை வந்தபோது வெசெக்ஸ் ஏன் விழவில்லை?

பதில் வாளில் இல்லை. இடையில் கிடைத்த அந்தப் பதினான்கு வருடத்தில் அவர் நாடு முழுக்க அரண் கட்டினார். மண் வெட்டி, மேடு போட்டு, மேலே மரவேலி அடித்து. இந்தப் போர்களை வைத்து வரும் சாகசக் கதைகள் எல்லாமே கேடயங்கள் மோதும் காட்சியில் போய் முடிகின்றன. எனக்கு மண்மேட்டை எழுத வேண்டும். ஆனால் மண்மேட்டைச் சாகசமாக எழுதுவது எப்படி? உங்கள் யோசனைகளைச் சொல்லுங்கள்.

#2 கழுகுமலை

நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள்.

சாகசக் கதை வாசகனுக்கு என்ன வேண்டும்? பனி, பசி, துரத்தல், துரோகம், கடைசியில் ஒரு நேருக்கு நேர். 878இல் இது அத்தனையும் இருக்கிறது. ராஜா நாணல் காட்டில் ஒளிந்திருக்கிறார். எவன் எதிரிக்குச் சேதி சொல்வான் என்று தெரியாது. ஈஸ்டர் முடிந்து ஏழாம் வாரம் எக்பர்ட் கல் என்ற இடத்தில் சோமர்செட், வில்ட்ஷர், ஹாம்ப்ஷர் ஆட்கள் வந்து சேர்கிறார்கள். செத்துப்போனார் என்று நினைத்த ராஜாவை உயிரோடு பார்க்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? அங்கேயே முடியுங்கள். அதற்குப் பிறகு கொத்தனார் கணக்கு எழுதினால் கதை பொதுப்பணித்துறை டெண்டர் ஆகிவிடும்.

#3 டீக்கடை_பெஞ்சு

கொம்பு வைத்த ஹெல்மெட் எந்த அத்தியாயத்தில் வருகிறது?

#4 மண்வெட்டி

தம்பி, வரவே வராது. வைக்கிங்குகள் கொம்புத் தொப்பி போட்டுச் சண்டைக்குப் போனதற்குச் சான்று கிடையாது. அது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசைநாடக மேடையில் உடை தைத்தவர்கள் செய்த வேலை. கேடயங்கள் உரசும் நெருக்கத்தில் தலையில் கொம்போடு நின்றால் பக்கத்தில் இருப்பவன் கண்தான் போகும்.

கழுகுமலை அண்ணே, டெண்டர் என்று சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் என்னைப் பிடித்து இழுக்கிறது. ஆல்ஃப்ரெட்டின் மகன் எட்வர்டு காலத்தைச் சேர்ந்தது என்று பொதுவாகக் கருதப்படும் ஒரு அரண் பட்டியல் இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட அரண்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை ‘ஹைட்’ நிலம் பொறுப்பு என்று எண் போட்டிருக்கிறார்கள். ஹைட் என்றால் ஒரு குடும்பம் உழுது பிழைக்கத் தேவையான நிலம். நம் ஊர் வேலிக் கணக்கு மாதிரி ஒரு பேச்சு வழக்கு அளவு, ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஹைட்டுக்கு ஒரு ஆள். ஒரு கோல் நீள மதிலுக்கு நாலு ஆள். கோல் என்பது பதினாறரை அடி. ஆக, ஒரு ஆள் காக்க வேண்டியது நாலடிக்குச் சற்று மேல்.

வின்செஸ்டருக்கு 2400 ஹைட். நாலால் வகுத்தால் 600 கோல், அதாவது 9900 அடி. அங்கே இருந்த பழைய ரோமானிய மதிலின் சுற்றளவை அளந்தால் அதைவிட ஐம்பது அறுபது அடிதான் கூட வருகிறது! இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எவனோ ஒரு கணக்குப்பிள்ளை கோலைப் பிடித்துக்கொண்டு மதிலைச் சுற்றி நடந்திருக்கிறான், ஐயா. அவன் கதைதான் எனக்கு வேண்டும்.

#5 கழுகுமலை

உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அத்தியாயத்தைப் படித்தால் எனக்கு நன்றாக வரும்.

#6 ரயிலடி

நான் பிரிஸ்டல் பக்கம் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சதுப்புக்குள் ஆல்ஃப்ரெட் ஒளிந்திருந்த ஆதெல்னி இப்போது ஒரு தாழ்வான மேடு, அவ்வளவுதான். தனியார் பண்ணை நிலம். 1801இல் நட்ட ஒரு நினைவுக்கல் நிற்கிறது. முதல்முறை போனபோது, ‘இதற்குள்ளா ஒரு ராஜா ஒளிந்தார், தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியுமே’ என்று தோன்றியது. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் டான்டன் பக்கம் ரயிலில் போனேன். இரண்டு பக்கமும் வயலைக் காணோம். தண்ணீர், தண்ணீருக்கு மேல் வேலிக்கம்பின் நுனி, வரிசையாக மொட்டை வில்லோ மரங்கள். 2014 வெள்ளத்தில் அதே பகுதியில் மச்செல்னி என்ற ஊர் நிஜமாகவே தீவாகி, ஜனங்கள் படகில் போய்வந்தார்கள். கால்வாய் வெட்டி, பம்பு வைத்து இறைத்தும் இந்த நிலை. இதெல்லாம் இல்லாத காலத்தில் வழி தெரியாத ஆள் உள்ளே இறங்கினால் இடுப்பு வரை சேறுதான். டேன்களின் குதிரைக்கு அங்கே வேலையில்லை. ஆற்றில் கப்பல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் அந்த ஓடைகளில் எது எங்கே போய் முட்டும் என்று தெரியாது. மீன் பிடிப்பவனுக்கும் கோரை அறுப்பவனுக்கும்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன அரண் பட்டியலில் இருக்கும் வேரம் ஊருக்கும் போயிருக்கிறேன், டார்செட்டில். மூன்று பக்கம் மண்மேடு இன்றும் நிற்கிறது, நாலாவது பக்கம் ஃப்ரோம் ஆறு. மேட்டின் மேல் நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது. ஆயிரத்து நூறு வருட மழையில் கரைந்த பிறகும் அந்த உயரம் என்றால், புதிதாகப் போட்ட ஈர மண்ணில், மேலிருந்து ஒருவன் ஈட்டியால் குத்தும்போது ஏறுவது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மண்வெட்டி, நீங்கள் எழுதுங்கள். நான் படிக்கிறேன்.

#7 சாக்பீஸ்

ஓய்வு பெற்ற வாத்தியார் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழுகுமலை கேட்கும் துரத்தல், துரோகம், பசி எல்லாம் 878ஓடு முடிந்துபோனது போலப் பேசுகிறார். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 892 முதல் 896 வரையான பகுதியை எடுத்துப் பாருங்கள். எடிங்டன் போருக்கு அந்தக் குறிப்பு ஒதுக்குவது ஒரே வாக்கியம். முழுப் படையோடு போரிட்டார், விரட்டினார், அவர்கள் அரண் வரை துரத்திப் போய் 14 இரவு முற்றுகையிட்டார், அவ்வளவுதான். 892க்குப் பிறகோ எழுதியவருக்குத் திடீரென்று கை நீள்கிறது. பக்கம் பக்கமாகப் போகிறது. நடப்பதைக் கிட்டே இருந்து பார்த்தவர் எழுதியது போல இருக்கும்.

தொடக்கமே எப்படித் தெரியுமா? 892இல் பூலோனிலிருந்து 250 கப்பல்கள். குதிரை முதற்கொண்டு எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு கென்ட் கரைக்கு வருகிறார்கள். ஆற்றுக்குள் துடுப்புப் போட்டுக் காடு வரை போகிறார்கள். அங்கே சதுப்பில் ஒரு அரண். அதைத் தாக்கி உடைக்கிறார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. ஒரு சில குடியானவர்கள். அரணும் பாதிதான் கட்டியிருந்தது.

அந்த ஒரு வரியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். பாதி கட்டிய மேடு. உள்ளே வீரன் இல்லை, தளபதி இல்லை, மண் சுமக்க வந்த ஆட்கள். எதிரே 250 கப்பல். மண்வெட்டி, உங்கள் சாகசக் கதை இங்கே தொடங்குகிறது. எடிங்டனில் முடிகிற கதை வேறு யாருடையதோ.

இன்னும் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் ஊர்ப்படையை இரண்டாகப் பிரித்திருந்தார். பாதிப் பேர் வீட்டில், பாதிப் பேர் படையில், அரண் காவலர்கள் தனி. முறை வைத்து மாறுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 893இல் என்ன ஆயிற்று? ஃபார்னமில் தோற்ற டேன்கள் துறை எதுவும் இல்லாத இடத்தில் தேம்ஸைத் தாண்டி, ஒரு ஆற்றுத் தீவில் போய் ஒதுங்குகிறார்கள். அவர்களுடைய ராஜாவுக்குப் போரில் காயம், தூக்கிக்கொண்டு நகர முடியாது. சுற்றிலும் சாக்சன் ஊர்ப்படை. கையில் அகப்பட்ட எலி. அந்த நேரம் பார்த்துப் படையின் முறை முடிகிறது. கட்டுச்சோறும் தீர்ந்துவிட்டது. முற்றுகையை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்! மாற்று முறைப் படையோடு ராஜா வழியில் வந்துகொண்டிருக்கிறார், இவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கதாசிரியனாவது இப்படிக் கற்பனை செய்வானா? செய்தால் நம்ப மாட்டோம்.

பென்ஃப்ளீட்டில் ஹாஸ்டைன் என்ற டேனியத் தலைவனின் கோட்டையை உடைத்து அவன் மனைவியையும் இரண்டு மகன்களையும் பிடித்து ஆல்ஃப்ரெட்டிடம் கொண்டுவருகிறார்கள். ஊரை எரித்தவனின் குடும்பம். அவர் திருப்பி அனுப்பிவிட்டார். காரணம், ஒரு பையன் அவருடைய ஞானப்பிள்ளை (ஞானஸ்நானத்தில் அவர் ஞானத்தகப்பனாக நின்ற பிள்ளை), இன்னொருவன் மெர்சியாவின் ஏதெல்ரெட்டுக்கு ஞானப்பிள்ளை. ஹாஸ்டைன் அதற்குப் பிறகும் கொள்ளையை நிறுத்தவில்லை.

895இல் லண்டனுக்கு இருபது மைல் மேலே லீ ஆற்றங்கரையில் டேன்கள் முகாம். அறுப்புக் காலம். ஜனங்கள் கதிர் அறுக்க வேண்டுமே என்று ஆல்ஃப்ரெட் படையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ஒருநாள் கரையோரமாகக் குதிரையில் போகும்போது, இந்த இடத்தில் ஆற்றை மறித்தால் கப்பல் வெளியே போக முடியாது என்று கண்டுகொள்கிறார். இரண்டு கரையிலும் அரண் கட்டத் தொடங்குகிறார்கள். கட்டி முடிப்பதற்குள்ளேயே டேன்களுக்குப் புரிந்துவிட்டது. கப்பல்களைப் போட்டுவிட்டுத் தரை வழியே போனார்கள். லண்டன்காரர்கள் நல்ல கப்பல்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டு, மற்றவற்றை உடைத்துப் போட்டார்கள்.

ஒரு வாள் உருவவில்லை. சாகசம் இல்லையா இது?

#8 கழுகுமலை

சரி ஐயா, ஊர்ப்படை முறை முடிந்து வீட்டுக்குப் போன இடத்தில் நான் விழுந்துவிட்டேன். அது நல்ல அத்தியாயம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. நாயகன் யார்? இந்த வகைக் கதைகளில் ஒரு தேய்ந்த வழி இருக்கிறது. சாக்சன் குழந்தை, டேன்கள் தூக்கிப்போய் வளர்க்கிறார்கள், இரண்டு பக்கமும் மனசு, இரண்டு தெய்வம், இரண்டு மொழி, ஒரு வாள். அது வேலை செய்யும் வழிதான், மறுக்கவில்லை. எந்தக் கூடாரத்துக்குள்ளும் அவனை அனுப்பலாம். ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. உங்கள் கணக்குப்பிள்ளையை எப்படி 400 பக்கம் ஓட்டுவீர்கள்? அவன் எதிரியைப் பார்க்கவே மாட்டானே.

#9 மண்வெட்டி

பார்ப்பான். மதில் மேல் நின்று பார்ப்பான். அதுவும் ஒரு பார்வைதானே.

அரண் கட்டுவது சண்டை இல்லாத வேலை என்று நினைக்காதீர்கள். ஆல்ஃப்ரெட்டின் கூடவே இருந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் அசெர் எழுதியிருக்கிறார். ராஜா கட்டச் சொன்ன அரண்களைச் சிலர் தொடங்கவே இல்லை, சிலர் தாமதமாகத் தொடங்கி முடிக்கவில்லை, எதிரி வந்து நின்ற பிறகு அழுதார்கள் என்று. நிலக்கிழார் ஆளனுப்ப மாட்டான். மடத்துத் தலைவர் எங்களுக்கு விலக்கு உண்டு என்பார். குடியானவன் இது உழவு நேரம் என்பான். என் ஆள் அத்தனை பேரிடமும் கோலோடு போய் நிற்க வேண்டும். எதிரி வருவதற்குள் முடிக்க வேண்டும், என்றைக்கு வருவான் என்றும் தெரியாது.

#10 சாக்பீஸ்

ஒரு சின்னச் சேர்க்கை. மேடு மட்டும் இருந்தால் போதாது. 878இலேயே டெவன் கரையில் நடந்தது பாருங்கள். 23 கப்பல்களோடு வந்த டேனியத் தலைவன் உள்ளூர்ப் படையை ஒரு அரணுக்குள் வளைத்துக்கொள்கிறான். அசெர் அந்த இடத்தை நேரில் பார்த்தவர். மேடு சரியாக இருந்ததாம், ஆனால் பக்கத்தில் தண்ணீர் இல்லை. தாகத்தில் தானே வெளியே வருவார்கள் என்று டேன்கள் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் தாகம் வருமுன்னே, விடியற்காலையில் வெளியே பாய்ந்துவிட்டார்கள். எண்ணூறு டேன்களுக்கு மேல் செத்தார்கள், அவர்களுடைய காக்கைக் கொடியும் பிடிபட்டது. உங்கள் கணக்குப்பிள்ளை கோலைப் பிடிக்குமுன் கிணறு எங்கே என்று கேட்கிறவனாக இருக்கட்டும்.

#11 அவரைப்பந்தல்

எல்லாம் படித்தேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, முதல் பதிவைத் திரும்பிப் பாருங்கள். ஆல்ஃப்ரெட் ‘மறைகிறார்’, ‘முறியடிக்கிறார்’. குத்ரம் ‘பிடித்துக்கொள்கிறான்’. வாத்தியார் ஐயாவும் அப்படித்தான், ஹாஸ்டைன் ‘அவன்’. ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. தமிழில் வினைமுற்று போடும்போதே யார் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. எடிங்டன் தோல்விக்குப் பிறகு குத்ரம் முப்பது பேரோடு வந்து ஆலரில் ஞானஸ்நானம் வாங்கினார். ஆல்ஃப்ரெட்டே ஞானத்தகப்பன். ஏதெல்ஸ்டன் என்று புதுப் பெயர். அந்தப் பெயரிலேயே கிழக்கு ஆங்கிலியாவில் காசு அடித்து ஆண்டார். இப்போது உங்கள் கதையில் என்ன செய்வீர்கள்? தொட்டியில் இறங்கும்போது ‘அவன்’, ஏறும்போது ‘அவர்’ என்றா?

இரண்டு, அந்த ஆண்டுக்குறிப்பை எழுதியது சாக்சன் பக்கம். டேன்கள் எழுதவில்லை. ஆனாலும் 876ஆம் வருடக் குறிப்பில் ஒரு வரி தப்பி வந்திருக்கிறது. டேனியத் தலைவர் ஹாஃப்டன் நார்தம்பிரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டார், அவர்கள் உழத் தொடங்கிப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டார்கள் என்று. கொள்ளைக்காரன் ஏரைப் பிடித்த வருடம். கதைகளில் இது எங்கே? டேன் என்றால் தாடி, கோடாரி, கூச்சல். அவர்களுக்கும் கிழவிகள் இருந்தார்கள், பயிர் வாடியது, குழந்தைக்குச் சளி பிடித்தது. டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடிகிற ஊரெல்லாம் அவர்கள் குடியேறிய ஊர்கள். ‘பி’ என்றால் ஊர். எக், ஸ்கை, நைஃப் என்று நாம் பேசும் ஆங்கிலச் சொற்களில் எத்தனை டேன்களின் பக்கத்திலிருந்து வந்தவை என்று எண்ணிப் பாருங்கள். எனக்குப் பிடித்தது விண்டோ. பழைய நார்ஸ் மொழியில் அதற்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். நம்மிடம் காலதர் இருக்கிறது, கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்று கண்ணும் வந்துவிடுகிறது. ஜன்னல் என்று வந்தால் மனிதர்கள் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மூன்றாகிவிட்டது. மதில் கதை என்றால் ஏதெல்ஃப்ளெட் இல்லாமல் எப்படி? ஆல்ஃப்ரெட்டின் மூத்த மகள். புருஷன் 911இல் இறந்த பிறகு மெர்சியாவை அவரே நடத்தினார். அப்பா கட்டியது போல வருடத்துக்கு இரண்டு மூன்று அரண்கள் எழுப்பினார். டாம்வொர்த், ஸ்டாஃபர்ட், வாரிக், ரன்கார்ன். 917இல் டெர்பியைப் பிடித்தார், 918இல் லெஸ்டர் சண்டையில்லாமல் பணிந்தது. அதே வருடம் ஜூனில் டாம்வொர்த்தில் இறந்தார். யார்க் நகரத்தார்கூட அவருக்குக் கட்டுப்படுகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த நேரம். அப்பா தற்காப்புக்குக் கட்டியதை மகள் முன்னேறிப் போகக் கட்டினார். கணக்குப்பிள்ளைக்கு ஒரு எஜமானி வேண்டும் என்றால் இவர்தான்.

#12 மண்வெட்டி

அக்கா, ‘அவன்–அவர்’ விஷயத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன். நாலு அத்தியாயமும் திருத்த வேண்டும். எல்லோருக்கும் ‘அவன்’ போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன், ராஜா உட்பட. சேற்றில் நிற்கிறவனுக்கு என்ன ‘அவர்’?

ஏதெல்ஃப்ளெட்டைக் கொண்டுவர ஆசைதான். ஆனால் பெயர்கள் கொல்கின்றன. அப்பா ஏதெல்வுல்ஃப். மகன்கள் ஏதெல்பால்ட், ஏதெல்பர்ட், ஏதெல்ரெட், கடைசியில் ஆல்ஃப்ரெட். மகள் ஏதெல்ஸ்வித். பேத்தி ஏதெல்ஃப்ளெட். பேத்தியின் புருஷன் இன்னொரு ஏதெல்ரெட். தோற்றுப்போன எதிரிக்கும் ஏதெல்ஸ்டன் என்று பெயர் வைக்கிறார்கள். அதே பெயரில் ஆல்ஃப்ரெட்டுக்கு ஒரு பேரன் வேறு. வாசகன் என்ன பாவம் செய்தான்?

#13 டீக்கடை_பெஞ்சு

எங்கள் தெருவில் ஏழு முருகேசன். மளிகைக்கடை முருகேசன், லைன்மேன் முருகேசன், குட்டை முருகேசன். பட்டப்பெயர் வையுங்கள் அண்ணே.

#14 சாக்பீஸ்

தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் சரியான யோசனை, அந்த ஊரிலும் அப்படித்தான் செய்தார்கள். 978இல் பட்டத்துக்கு வந்த இன்னொரு ஏதெல்ரெட் இருக்கிறார். ஏதெல்ரெட் என்றால் ‘உயர்ந்த ஆலோசனை’ என்று பொருள். ஜனங்கள் பின்னாலே ‘உன்ரெட்’ என்று சேர்த்தார்கள், ‘ஆலோசனை கெட்டவர்’. உயர்ந்த ஆலோசனை, கெட்ட ஆலோசனை. அவர் காலத்தில்தான் 991இல் மால்டன் தோல்விக்குப் பிறகு டேன்களுக்கு 10,000 பவுண்டு கொடுத்து அனுப்பினார்கள். 1012இல் 48,000. கொடுக்கக் கொடுக்கத் திரும்பி வந்தார்கள். ஆல்ஃப்ரெட்டும் 871இல் ‘சமாதானம் செய்துகொண்டார்’, அதற்குப் பணம் கொடுத்தார் என்றுதான் பொருள். ஆனால் வாங்கிய அவகாசத்தில் என்ன செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

#15 நெய்தல்

புதியவன். ஒரு சந்தேகம். ரொட்டியைக் கருகவிட்டு மாட்டுக்காரன் மனைவியிடம் ராஜா திட்டு வாங்கிய கதை பள்ளியில் படித்தோமே. அது சதுப்பில் இருந்தபோதுதானே? இழையில் யாருமே சொல்லவில்லை.

#16 ரயிலடி

அது நடந்ததற்குச் சான்று இல்லை. ஆல்ஃப்ரெட் காலக் குறிப்புகள் எதிலும் இல்லை. நூறு வருடம் கழித்து எழுதிய ஒரு புனிதர் வரலாற்றில் முதலில் தலைகாட்டுகிறது. ஆனால் கதைக்காரன் விடக்கூடாத காட்சி. ராஜாவைத் திட்டும் உரிமை அடுப்படியில் மட்டும்தான் கிடைக்கும்.

#17 கழுகுமலை

மண்வெட்டி, வேறொரு தலைவலி. வசனம். உங்கள் முதல் அத்தியாயத்தில் ஒருவன் ‘மன்னர் மன்னா, தங்கள் சித்தம் என் பாக்கியம்’ என்கிறான். நான் சிரித்துவிட்டேன். அரசவைத் தமிழ் நம் ராஜாக்களுக்கே கொஞ்சம் மிகைதான். ஆல்ஃப்ரெட்டின் அரண்மனை என்பது புகை படிந்த ஒரு மரக்கூடம். அங்கே ‘தேவரீர்’ எப்படி ஒட்டும்? அதற்காகச் சென்னைப் பேச்சிலும் எழுத முடியாது. என் கருத்து, கிராமத்துப் பஞ்சாயத்தில் பெரியவர்களிடம் பேசுகிற மரியாதை போதும். ‘ஐயா, ஆள் போதாது. அறுப்பு முடியட்டும்.’ அவ்வளவுதான்.

பதவிப் பெயர்களையும் மாற்றுங்கள். ‘ரீவ்’ என்று போட்டால் யாருக்கும் புரியாது. ராஜாவுக்காக வரி வாங்கி, ஊர் வழக்கைக் கவனிக்கிறவன் நமக்கு மணியக்காரர். ‘வெர்கில்ட்’டை உயிர்விலை என்று சொல்லுங்கள். குடியானவன் உயிருக்கு 200 ஷில்லிங், பிரபுவின் உயிருக்கு 1200 என்று அவர்கள் சட்டத்தில் இருந்தது. உங்கள் கணக்குப்பிள்ளை எந்த விலைக்காரன்? அதை முதல் பக்கத்திலேயே தெரியவிடுங்கள்.

#18 மண்வெட்டி

இருநூறு. சந்தேகமே இல்லை. மணியக்காரர் அருமை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அண்ணே, நீங்கள் எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே பாதிக் கதையை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

#19 நெய்தல்

இன்னொரு சந்தேகம், இது கடைசி. ஆல்ஃப்ரெட் இந்தியாவுக்கு ஆள் அனுப்பினார் என்று எங்கேயோ பார்த்தேன். கட்டுக்கதையா?

#20 சாக்பீஸ்

முழுக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. ஆண்டுக்குறிப்பின் சில பிரதிகளில் 883க்கு நேராக இருக்கிறது. சிகெல்ம், ஏதெல்ஸ்டன் என்று இரண்டு பேர் ராஜாவின் காணிக்கையை ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமா, புனித பர்த்தலோமேயு இருக்கும் இடத்துக்கும் கொண்டுபோனார்கள் என்று. லண்டனில் டேன்களுக்கு எதிரே முகாமிட்டிருந்தபோது நேர்ந்துகொண்டதாம். 12ஆம் நூற்றாண்டில் மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி, சிகெல்ம் போய்ச் சேர்ந்து ரத்தினங்களோடு திரும்பினார் என்று கூடுதலாகச் சொல்கிறார். பிரதிகளில் ஒரு எழுத்து மாறி ‘யூதேயா’ என்றும் படிக்க இடமிருக்கிறது, அதனால் ஆய்வாளர்கள் தகராறு செய்கிறார்கள். தோமா என்றால் நமக்கு மயிலாப்பூர் ஞாபகம் வரும். அந்த ஆட்கள் அங்கே வந்தார்கள் என்று சொல்ல ஆதாரம் போதாது. வந்திருந்தால் அப்போது இங்கே ஆதித்த சோழன் காலம், பல்லவர்களின் கடைசி வருடங்கள். ஊரில் சண்டையை விட்டுவிட்டு வந்தவர்கள் இங்கேயும் சண்டையைத்தான் பார்த்திருப்பார்கள்.

#21 அவரைப்பந்தல்

மண்வெட்டி, தயவுசெய்து அந்த சிகெல்மை உங்கள் கதைக்குள் இழுத்து மயிலாப்பூரில் இறக்கிவிடாதீர்கள். உங்கள் கை துறுதுறுக்கும் என்று தெரியும்.

#22 மண்வெட்டி

சத்தியமாக மாட்டேன் அக்கா. (ஒரு நிமிடம் நினைத்தேன்.)

முடிவு செய்துவிட்டேன். எடிங்டனைத் தூக்கிவிடவில்லை, பின்னால் ஒரு கிழவனின் நினைவாக நாலு பக்கத்தில் வரும். கதை 892இல், கென்ட் சதுப்பில், பாதி கட்டிய மேட்டில் தொடங்குகிறது. கணக்குப்பிள்ளை முந்தின நாள்தான் அங்கே வந்திருக்கிறான். எத்தனை கோல் முடிந்தது, எத்தனை கோல் பாக்கி என்று அளந்து மணியக்காரரிடம் சொல்ல வேண்டும். உள்ளே பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவனுக்கு மட்டும் ஈட்டி பிடிக்கத் தெரியும், அதுவும் பன்றி வேட்டைக்கு. காலையில் பனி விலகும்போது ஆற்றில் துடுப்புச் சத்தம். முதலில் ஒன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. இவன் கையில் அளவுகோல்.

ரயிலடி, உங்களுக்கு ஒரு வேலை. கென்ட் பக்கம் போகும்போது ஆப்பிள்டோர் சுற்றுவட்டாரத்தில் மண் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். களிமண்ணா, மணலா? ஒரு ஆள் ஒரு நாளில் எவ்வளவு வெட்டுவான் என்று கணக்குப் போட வேண்டும்.

#23 ரயிலடி

அடுத்த மாதம் போகிறேன். மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனால் விமான நிலையம் மாதிரி ரயிலிலும் கேள்வி கேட்பார்களோ என்னவோ. பூட்ஸில் ஒட்டிக்கொண்டு வருவதைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

#24 கழுகுமலை

அந்தப் பன்னிரண்டு பேர் என்ன ஆகிறார்கள்?

#25 சாக்பீஸ்

குறிப்பில் அரணை உடைத்தார்கள் என்று மட்டும்தான் இருக்கிறது. அடுத்த வரி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது.

#26 கழுகுமலை

அப்படியானால் பத்தாம் கோலுக்கும் பதினொன்றாம் கோலுக்கும் நடுவில் ஒரு சந்து விடுங்கள். சதுப்புப் பக்கமாக. ஒருவனாவது நழுவட்டும்.

#27 டீக்கடை_பெஞ்சு

குட்டை முருகேசன் நழுவுவான். அவனுக்குத்தான் சந்து போதும்.